இத்தா வீட்டில் கேட்ட குரல்

அனுப்புபவர்:
அசனா,
மர்ஹூம் ஸைனுலாப்தீன் மனைவி,
புன்னையடித்துறை, கிண்ணியா.

பெறுநர்:
காரியாதிகாரி ஐயா அவர்கள்,
காரியாதிகாரி கந்தோர்.

பொருள்: சீனித்தம்பி. எனது கிளி. விதானையார் கொண்டுபோனது. இத்தா முடியுமுன் திருப்பித் தருவிக்கக் கேட்பது.

மதிப்புக்குரிய ஐயா,

1. சீனித்தம்பி என்று நானும் என் மாப்பிள்ளையும் கூப்பிட்டது ஒரு பச்சைக் கிளியை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். பெட்டிசம் எழுதுகிறவர் ஆண். மாப்பிள்ளை போனபின் நாலு மாதம் பத்து நாள் மறைவில் இத்தா இருக்கிற நான் அவர் முன்னால் போய் இருந்து சொல்ல ஏலாது. அதனால் என் கையாலேயே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுக்கவும்.

2. என் மாப்பிள்ளை துறைமுகத்தில் ஒரு கம்பனிக்கு மா மூட்டை இறக்கினவர். 02.08.1960 அன்று கப்பலுக்கும் மூட்டை ஏற்றுகிற வத்தைக்கும் நடுவில் விழுந்து மௌத்தானார். அவருடைய மையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் துறைமுகப் பாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவருடைய படம் அதில் மட்டும்தான் இருந்தது. அவர் எப்படி விழுந்தார் என்று விசாரிக்க இந்த வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. கிளி பேசினதற்கு மூன்று பேர் வந்தார்கள்.

3. கிளி பேசின விதம் இது. இறக்கக்கண்டிப் பக்கம் பட்டுப்போன பனையில் இருந்து அவர் அதைக் குஞ்சாகக் கொண்டுவந்தார். ஸலாம் சொல்லப் பழக்குகிறேன் என்று எட்டு மாதம் கூட்டுக்கு முன்னால் குந்தி இருந்தார். அது ஒரு நாளும் ஸலாம் சொல்லவில்லை. பழக்காததைத்தான் பிடித்துக்கொண்டது.

மண்ணெண்ணெய் வீண்போகக் கூடாதென்று அவர் சொல்லுமட்டும் நான் லாம்பு கொளுத்துவதில்லை. பொழுதுபட்டு மஃரிபு நேரம் குசினியில் இருந்து குரல் கொடுத்துக் கேட்பேன். அவர் ஒரு இருமல் இருமிப்போட்டு, "ஓம் புள்ள, கொளுத்து" என்பார். கிளி அந்த இருமலையும் சேர்த்தே படித்துவிட்டது. கடைசி ஒரு வருடம் இரண்டு பேரும் ஒன்றாய்ப் பதில் சொன்னார்கள். ஒரு லாம்புக்கு இரண்டு மாப்பிள்ளை என்று அவர் பகிடி பண்ணுவார்.

4. மௌத்தான ஏழாம் நாள் என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. உள்ளறையில் இருந்து அவருடைய இருமல் கேட்டது. பிறகு, "ஓம் புள்ள, கொளுத்து." நெருப்புப் பெட்டி கையில் இருக்க நிலத்தில் இருந்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே கேட்டேன். அது குற்றமென்றால் குற்றம் என்னுடையது. கிளியைத் தண்டிக்க நியாயம் இல்லை.

5. இத்தா இருக்கிறவள் வீட்டில் மாலையானால் ஆண் குரல் கேட்கிறது, அவளும் மச்சான் என்று கதை கொடுக்கிறாள் என்று அடுத்த வளவில் கதை கிளம்பினது. 29.08.1960 அன்று எங்கள் பகுதிக்கு அதிகாரியான விதானையார் இரண்டு பேரோடு என் முற்றத்துக்கு வந்தார். நான் சீலை மறைப்புக்குப் பின்னால் நின்று, அது கிளி என்று சொன்னேன். கூட்டை வெளியே வைக்கச் சொன்னார். அந்நிய ஆட்களைக் கண்டால் அது வாய் திறக்காது. அன்றும் திறக்கவில்லை. விதானையார், "ஊமைக் கிளியக் காட்டி ஆரப் பேய்க்காட்டுற?" என்று கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டில் அந்நிய ஆணின் குரல் கேட்டதென்று அங்கேயே அறிக்கையும் எழுதினார். தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதாகவும், பேசினால் கிளியைத் தந்து, என்னைப் பற்றி எழுதின அறிக்கையையும் கிழிப்பதாகவும் சொன்னார். நான் நம்பி, அது தண்ணீர் குடிக்கிற சிரட்டையையும் கொடுத்து அனுப்பினேன்.

6. ஒன்பதாம் நாள் அது பேசிவிட்டது. என் தங்கை ஜெஸீமா அந்த வீட்டுக்கு மா இடிக்கப் போகிறவள், தன் காதால் கேட்டாள். விதானையார் கிளியையும் தரவில்லை, அறிக்கையையும் கிழிக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு நல்ல சாமான் என்று வைத்துக்கொண்டார். இன்னும் பேசட்டும் என்று அதன் வாயில் உறைப்பான கொச்சிக்காய் தீத்துகிறார்களாம். ஆட்கள் வந்தால் அவர் பெண்சாதி என்னைப் போல ராகம் இழுத்து லாம்பு கொளுத்தட்டா என்று கேட்பாளாம். கிளி இருமி, "ஓம் புள்ள" என்னுமாம். எல்லாரும் சிரிப்பார்களாம். ஜெஸீமா இதை முதலில் எனக்குச் சொல்லவில்லை. கிளி சுகமாயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

7. ஐயா, என் வீட்டில் அந்நிய ஆணின் குரல் கேட்டதென்று எழுதினவருடைய வீட்டில், இப்போது என் மாப்பிள்ளையின் குரல் அவர் பெண்சாதியைப் புள்ள என்று கூப்பிடுகிறது. இதற்கு ஆர் அறிக்கை எழுதுவது? எழுதுவதற்கு இந்தப் பகுதியில் அவரைத் தவிர வேறு விதானை இல்லை.

8. இத்தா முடிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இப்போது சொல்லி அனுப்புகிறார். இன்று எழுபத்திரண்டாம் நாள். இன்னும் ஐம்பத்தாறு நாளளவில் இருக்கிறது. போன கிழமை ஜெஸீமா போனபோது கிளி, "ஆரது படலையில?" என்று அதட்டினதாம். அது வாசலில் ஆள் வந்தால் விதானையார் அதட்டுகிற சொல், அவருடைய குரல். கிளி இருக்கிற வீட்டின் பேச்சைத்தான் பேசும். ஐம்பத்தாறு நாளைக்குப் பிறகு எனக்குத் திருப்பித் தரப்படுவது ஒரு விதானையாராக இருக்கும். அது எனக்கு வேண்டாம்.

9. ஆகையால், அறிக்கையைக் கிழிப்பது பிந்தினாலும் பரவாயில்லை. என் பெயர் இந்த ஊரில் இனி எப்படிப் போனாலும் நான் பொறுத்துக்கொள்வேன். கிளியை மட்டும் இந்தக் கிழமைக்குள் எடுத்துத் தரும்படி ஐயாவிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

இடம்: புன்னையடித்துறை
திகதி: 12.10.1960

இப்படிக்கு,
அசனா

பி.கு.: ஐயா ஆள் அனுப்பினால், கூட்டைத் தூக்குமுன் கீழே உள்ள வசனத்தை அதற்குக் கேட்கும்படி மெதுவாக ஒரு தரம் வாசிக்கச் சொல்லவும். முதலில் இருமினால் என்னிடம் கொண்டுவரட்டும். படலையில் ஆரென்று அதட்டினால் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

மச்சான், லாம்பு கொளுத்தட்டா?