பதினாலாவது ஞானத்தகப்பன்

நுவேவா வலென்சியா,
கிமாராஸ் தீவு.
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

என் அன்பு மகன் ரெனான்டேவுக்கு,

உன் அப்பா கிரிசாந்தோ தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் வருகின்றன. வரி போகப்போகக் கீழே இறங்குகிறது. வியாழக்கிழமை தொடங்கியவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாள் முழுக்கத் துடுப்புப் போட்டதைப்போலத் தோள் வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. என் பெயரை முதலில் முழுதாக எழுதிய அன்று அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறியவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

உனக்கு எழுதுவதற்காகத்தான் கற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் படகு விட முடியாமல் சும்மா இருந்தபோது, ஊர் மன்றத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது, சூடாகக் கோழிக் கஞ்சியும் தருகிறார்கள் என்றார்கள். கஞ்சிக்காகத்தான் போனேன். உன் அம்மா வாசலில் நின்று, "இந்த வயசுல எழுத்து எதுக்குய்யா? மோட்ச வாசல்ல பேதுரு உன்கிட்ட கையெழுத்தா கேக்கப் போறாரு?" என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். இப்போது உப்புப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறாள். துறைமுகத்தில் இருக்கும் ஒரு பலகையையும் நான் விடுவதில்லை. 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்பதை உரக்கப் படித்தபோது ஒருவன் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினான்.

வீட்டில் எல்லோரும் நலம். மாம்பழம் இந்த வருடம் சுமார்தான். நீ அனுப்பிய பணத்தில் மாடிக்குப் போட்ட கம்பிகள் அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கின்றன, வாசலுக்குக் கேட்டும் இன்னும் போடவில்லை. உன் மகன் ஜெரோ விழுந்த மேல்வரிசைப் பல் ஒன்றைக் கூரைமேல் எறிந்தான். மருமகள் ஜெனலின் அவனுக்கென்று சின்னப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். உன் முதலாளி இவர்கள் இருவருக்கும் அந்த நாட்டுக்கு வர விசா பேப்பர் போட்டதும் கிளம்ப வேண்டும் என்று, அந்தப் பெட்டிக்குள் அவன் சட்டைகளை மடித்து வைக்கிறாள். அவன் வளர்ந்துவிடுகிறான். மறுபடி எடுத்துவிட்டுப் பெரிய சட்டை வைக்கிறாள்.

இனி, எதற்காக எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டால் உன் அம்மா போனை அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட உன் சம்பளம் தெரியும். அதனால் நீயும் சிரிக்கிறாய், நாங்களும் சிரிக்கிறோம்.

போன ஞாயிறு நீ பேசியபோது ஜெரோ, "அப்பா, ஏன் உங்க மூஞ்சி கறுப்பா இருக்கு?" என்று கேட்டான். நீ உடனே போனைத் திருப்பி வானத்தைக் காட்டினாய். அந்த ஊர் வானம் எவ்வளவு பெரிது பார் என்றாய். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று நீ எப்போதும் சொல்வாய். ஆனால் அன்றும் கழுத்தில் வெல்டிங் தோல் அங்கி தெரிந்தது. மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெனலின், "அவர் சிரிக்கிறார் மாமா, கண்ணு சிரிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடிக்குப் போய்விட்டாள்.

என்னோடு வகுப்பில் படிக்கும் மீன்காரி பெலிங் அக்காவின் மருமகன் ஜோமார் திருவிழாவுக்கு வந்திருக்கிறான். உனக்குப் பக்கத்து ஊரில் பால்பண்ணை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்ப்பவன்தானே. செவ்வாய்க்கிழமை அக்கரையிலிருந்து என் படகில் அவன் ஒருவன்தான் வந்தான். நடுக்கடலில், "எஞ்சினை நிறுத்துங்க மாமா, இதைக் கத்திச் சொல்ல முடியாது" என்றான். நிறுத்தினேன். படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. நீ பட்டறைக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி அறையில் படுப்பதையும், அதற்கும் வாடகை பிடிப்பதையும், பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று முதலாளியே வைத்திருப்பதையும் சொன்னான். அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முன்ன மாதிரி இல்ல மாமா. முதலாளி சரியில்லைன்னா விட்டுட்டு வந்துடலாம். வேற முதலாளியத் தேடிக்க அரை வருஷம் தர்றாங்க, நடுவுல வேலையும் செய்யலாம். சட்டம் மாறிப்போச்சு. உங்க பையன்தான் மாறமாட்டேங்கறான். கேட்டா, அவரு எம்புள்ளைக்கு ஞானத்தகப்பன், எப்படிடா விட்டுட்டு வர்றதுங்கறான்."

கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டால் உன் முதலாளி, அந்த டேரல், உன் தோளில் கை போட்டுக்கொண்டு, "நாம குடும்பம்டா, குடும்பத்துக்குள்ள யாராவது கணக்குப் பாப்பாங்களா?" என்பாராமே. ஞான உறவு என்றால் நம் ஊரில் என்ன என்று அவருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகனே, பணம் சேரும்வரை தள்ளிவைத்து நீ போன பிறகு நடத்திய அந்த ஞானஸ்நானத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஜெரோவுக்குப் பதினாலு ஞானத்தகப்பன்மார். மீன் ஏலக்காரர், ஜீப்னி வண்டி ஓட்டுநர் சங்கத் தலைவர், உன் அம்மாவுக்குப் பல் பிடுங்கியவர், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கவுன்சிலர் பலாக்காய் போட்ட பன்றிக் கறியை இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரைக் கேட்காமலே போனார். டேரல் கடைசி ஆள், பதினாலாவது. ஜெனலினின் தம்பி போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். சாமியார் தண்ணீர் ஊற்றும்போது சிக்னல் போய், போனில் டேரலின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. மற்ற பதின்மூன்று பேரும் கிறிஸ்துமஸ் அன்று பிள்ளை வந்து அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கினால் ஏதாவது கொடுக்கிறார்கள். பல் பிடுங்கியவர்கூட ஒரு பந்து கொடுத்தார். அந்த உறவு பிள்ளைக்குக் கொடுப்பதற்காக. தகப்பனிடமிருந்து எடுப்பதற்கு யாரும் ஞானத்தகப்பனாக நின்றதில்லை. பதின்மூன்று பேரில் ஒருவராவது உன்னை ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டதுண்டா?

டேரல்தான் உன்னை அங்கே அழைத்துப்போனவர் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லித்தான் வருடாவருடம் காய்ந்த மாம்பழம் அனுப்பினோம். நீயும் நான்கு வருடம் உழைத்தாய். போதும்.

ஜோமாரின் முதலாளி வெல்டர் தேடுகிறாராம், பேப்பரும் போடுவாராம். இதுவரை நீ வேலை பார்த்த வருடங்களும் நிரந்தரமாகத் தங்குவதற்குக் கணக்கில் சேரும் என்கிறான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர்களிடம் நீயே கேட்டுக்கொள். டேரலிடமிருந்து பாஸ்போர்ட்டை மட்டும் முதலில் வாங்கு.

பயம் எனக்கும் இருக்கிறது. அரை வருடத்துக்குள் எவரும் எடுத்துக்கொள்ளாவிட்டால்? ஜெரோவின் பெட்டியை ஜெனலின் என்ன செய்வாள்? இதை யோசித்து யோசித்து நேற்று படகைத் துறையில் இடித்துவிட்டேன். எல்லோரும் இறங்கும்வரை என்னைத் திட்டினார்கள். ஆனால் கிடைக்காவிட்டால் நீ இங்கே வருவாய், அவ்வளவுதானே. இந்தத் தீவில் கேட் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது. மாடி இல்லாமல் இத்தனை காலம் இருந்தோம். அந்தக் கம்பிகளில் உன் அம்மா துணி காயப்போடுகிறாள், நன்றாகத்தான் காய்கிறது.

அந்த டேரலின் படத்தை உன் அம்மா சட்டம் போட்டுக் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் அல்லவா? படுக்கும் முன் ஜெரோ இரண்டு பேருக்கும் கும்பிடு போடுவான். வெள்ளிக்கிழமை அதைத் துடைப்பதாகச் சொல்லி எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். உன் அம்மா தினமும் அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். படம் எங்கே என்று இன்னும் கேட்கவில்லை.

உன் பட்டறை முகவரிக்கு அனுப்பினால் யார் பிரிப்பார்களோ என்று ஜோமார் கையில் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை கிளம்புகிறான்.

கடைசித் தாளில் என் வலது கையை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். சுண்டுவிரல் கோணலாக இருப்பது என் தவறு அல்ல, கையே அப்படித்தான். நீ போன பிறகு என் கையை எடுத்து உன் நெற்றியில் ஒற்றவில்லை. இந்தத் தாளை ஒற்றிக்கொள். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். எந்த முடிவு எடுத்தாலும் அந்தக் கை உன் தலைமேல் இருக்கிறது.

அடுத்த வாரமும் எழுதுவேன். இப்போது என்னால் எழுத முடியும், யாரும் நிறுத்த முடியாது. ஆனால் அடுத்த வாரம் கொண்டுபோக ஜோமார் இங்கே இருக்கமாட்டான். அந்தக் கடிதத்துக்கான உறைமேல் உன் பெயரை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று நீ சொன்னால் எழுதிக்கொள்வேன்.

உன் அப்பா,
கிரிசாந்தோ