அதிபர் எழுதச் சொன்ன கடிதம்

நேப்பிள்ஸ்,
12 நவம்பர் 1591.

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரர் எலிசேயோ அவர்களுக்கு, நூலகத் துறவி அன்சோவீனோ வணக்கத்துடன் எழுதுவது.

ஃபிராங்க்ஃபர்ட் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாதே என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை. நூலகத்தின் வடக்குச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

சொல்ல வந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குத் தைரியம் போய்விடும்.

முதலாவது. செப்டம்பரில் திருச்சபையின் விசாரணை மன்றத்தார் மதவிரோத நூல்களைத் தேடி வந்து நூற்பட்டியலைக் கேட்டார்கள். கொடுத்தேன். நீங்கள் தப்பிப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற, எண்ணற்ற உலகங்களைப் பற்றிய உங்கள் கைப்பிரதியைத் திருப்பாடல் நூல்களுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். ஆனால் பட்டியலிலும் எழுதியிருந்தேன்: உங்கள் பெயர், ஏடுகள் நூற்றுப் பன்னிரண்டு, இருக்குமிடம் திருப்பாடல் நூல்களுக்குப் பின்புறம். முப்பது வருடத்தில் ஒரு நூலையும் பதியாமல் விட்டதில்லை. எழுதும்போது வேறொன்றும் தோன்றவில்லை. அவர்களுடைய எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒளிச்சு வச்ச இடத்தையும் எழுதி வச்ச ஆள இப்பத்தான் பாக்கிறேன், பெரியவரே! உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது” என்றார்.

இரண்டாவது. போன வாரம் மடத்து அதிபர் கூப்பிட்டனுப்பினார். “எல்லாம் மன்னிச்சாச்சு, கிளம்பி வாப்பான்னு அவனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. நான் எழுதினா நம்பமாட்டான். உங்க கையெழுத்தப் பாத்தா ஓடி வருவான்” என்றார். பக்கத்தில் அதே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எழுதினேன். கை நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தால் உங்களுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லார் முன்னும் மண்டியிட்டு அவரவர் குற்றத்தைச் சொல்வோமே, அங்கே இதைச் சொல்லத்தான் போனேன். ஜெபத்துக்குத் தாமதமாக வந்தேன் என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன். சமையற்கட்டு மவ்ரோ பின்னாலிருந்து, “இவருக்கு இது ஒண்ணுதான் பாவமாம். நேரா மோட்சந்தான்” என்று முணுமுணுத்தார்.

அந்தக் கடிதம் இதற்கு முன்பே உங்களிடம் வந்திருக்கலாம். நீங்கள் ஊருக்கு ஏங்குவது எனக்குத் தெரியும். வராதீர்கள். மன்னிப்பு என்பது பொய். கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்கிறார்கள். நேற்று கொத்தனார் வந்து அதன் ஜன்னலை அடைத்துவிட்டுப் போனார்.

இதைக் கம்பளி வியாபாரி ஒருவர் கொண்டுவருவார். படித்ததும் எரித்துவிடுங்கள். பதில் எழுத வேண்டாம். இனி என் கையெழுத்தில் எது வந்தாலும், சாகக் கிடக்கிறேன், ஒருமுறை பார்க்க வேண்டும் என்றே வந்தாலும், நம்பாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் வராதீர்கள்.

ஆண்டவர் உங்களைத் தூரத்திலேயே வைத்துக் காப்பாராக.

அன்சோவீனோ