தலையணைக்கு இடமில்லாத சிவப்பு அங்கி

12.12.98, சனி

மூடுபனி. தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் பனியோடு சேர்ந்தால் இரட்டிப்பு. இருமல். பால்காரன் வரவில்லை.

சபையின் பழைய கிறிஸ்துமஸ் தாத்தா அங்கியை எலி தின்றுவிட்டதாம். வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் கமிட்டி ரெடிமேட் வாங்கப் போகிறது. வருஷா வருஷம் தாத்தா வேஷம் எனக்குத்தான். செயலாளர் தேவராஜ் அளவெடுக்க வந்தான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நடையிலேயே தெரியும். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றேன். தாத்தாவின் தொப்பைக்குத்தான் அளவு. இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"சுற்றளவு அம்பது அங்குலம். கூட இருந்தா பரவால்ல, கம்மியா வேணாம்."

"எல்லாம் தெரியும் ஐயா."

எல்லாம் தெரிந்தவன். எழுதிக்கொள்ள ஒரு பென்சில் இல்லை.

13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம், விஷயம் கம்மி. என் மகன் மோசஸ் மூன்றாவது வரிசை. நான் பார்க்கவில்லை. சட்டை காலர் தொளதொள.

வாசலில் ஒருத்தி: "அப்பனும் புள்ளயும் ஒரே சபைதான். ஒரு வார்த்த பேசிக்க மாட்டாங்க." என் காதில் விழவென்றே.

என் வீட்டை இடித்து மாடி கட்டலாம் என்றான் மோசஸ். முடியாது என்றேன். தனிக்குடித்தனம் போனான். அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் தாத்தா மிதிப்பது வேறு. முகமூடிக்கு ரோஷம் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே போய், மிட்டாய் கொடுத்து, அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

17, வியாழன்

அங்கி வந்தது. சென்னையில் வாங்கினானாம். தலையணையோடு போட்டால் பொத்தானுக்கும் காஜாவுக்கும் ஒரு சாண் தூரம்.

"பெரிய சைஸும் இருந்துச்சி ஐயா. நாந்தான் ஒரு சைஸ் கம்மியா எடுத்தேன். புதுசுல புடிக்கும். போடப் போட விட்டுக் குடுக்கும்."

"எது விட்டுக் குடுக்கும்?"

"தோலு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

வெல்வெட் துணி. காலமெல்லாம் ஷூவைப் பார்த்தவனுக்கு உலகமே மாட்டுத்தோல். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானாம்.

"தலகாணி இல்லாம போடுங்களேன்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த தாத்தா மாதிரியா?"

"இன்னா ஐயா, பேஜார் பண்றீங்க. அப்ப நம்ம ஜான்சன் போடட்டும். அவனுக்குக் கரெக்ட் அளவு. டான்ஸும் ஆடுவான்."

ஜான்சன் இவன் மைத்துனன். மூங்கில் கழிக்கு மீசை வைத்தது போல. அவன் மோசஸ் வீட்டுக்குள் போய் ஆடுவானாம், நான் வீட்டில் உட்கார்ந்து இருமுவேனாம்.

பொத்தான் போட்டுக் காட்டுகிறேன், நாளைக்கு வா என்றேன்.

18, வெள்ளி

கிறிஸ்துமஸ் நெருக்கடியில் டெய்லர்கள் இப்போது எதையும் தொட மாட்டார்கள். நானே பிளேடால் அங்கியின் முதுகை மேலிருந்து கீழே கிழித்தேன். முன்பக்கம் கச்சிதம். பின்பக்கம் காற்றோட்டம். நாடா கட்டக் கை எட்டவில்லை. முதுகை யாருக்கும் காட்டாவிட்டால் சரி.

தேவராஜ் வந்தான். முன்னால் நின்று பார்த்தான்.

"பாத்தீங்களா ஐயா? விட்டுக் குடுத்துச்சி!"

மூடன்.

20, ஞாயிறு

கேரல் சுற்று. வேனில் முதுகைச் சாய்த்தே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பின்னாலேயே நடந்து வெளியேறினேன். புது ஆட்டம் என்று கை தட்டினார்கள். இவ்வளவுதான் இவர்கள் ரசனை. ஜான்சன் முகம் தொங்கிப்போயிற்று.

மோசஸ் வீடு. மாடி கட்டிவிட்டான். அலங்கோலம். மருமகள் கேக் நீட்டினாள். அவனுக்கு மிட்டாய் கொடுத்தேன். கன்னம் ஒட்டியிருக்கிறது. பின்னால் நடக்கையில் மேசைக்கால் இடறித் திரும்பிவிட்டேன். மற்றவர்கள் பாடிக்கொண்டே வேனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்லவேளை.

தோளில் ஒரு கை.

"அசையாதீங்க. குத்திடும்."

மோசஸ். பெண்டாட்டியின் சிவப்புத் துப்பட்டாவைக் கிழிசல் மேல் போட்டு ஊக்கு குத்தினான்.

"பனியில இப்டியா சுத்துவீங்க? தலகாணிய எடுங்கன்னா கேக்கவா போறீங்க."

தாத்தா பேசக்கூடாது. கடைசி ஊக்கும் போட்டாயிற்று. கை முதுகிலேயே இருந்தது.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.