சினிமாக் கண்ணாடி என்று நான் எழுதியது

என் உயிர்த் தம்பி வேலுவுக்கு,

நீ போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர் சயாஜி ராவ் சாலையில் இப்போது பாதி இளைஞர்கள் கறுப்புக் கண்ணாடியோடு அலைகிறார்கள். புது ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் அதைக் கழற்றாமலே காதலிக்கிறானாம்.

உன் நாளில் கண் ஆபரேஷன் ஆனவர்கள்தான் அதைப் போட்டார்கள். நீ ஒரு படம் பார்த்த மறுநாள் மாட்டிக்கொண்டு ரயில்வே யார்டுக்கு வேலைக்குப் போனாய். உடன் வேலை செய்த சன்னப்பா, "ஏன் ஹீரோ, கதாநாயகி எந்த வண்டில வர்றா?" என்றாராம். "கூட்ஸ் வண்டில குரு, லேட்டாத்தான் வருவா" என்றாயாம் நீ.

சினிமா மோகம் தண்டவாளம் வரை வந்துவிட்டது என்று எங்கள் வார இதழில் எழுதினேன். பெயர் போடவில்லை; ஊருக்குத் தெரியும். கண்ணாடியின் சட்டம் எந்த நிறம் என்பது வரை விசாரித்தவன், ஏன் போட்டாய் என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்துப் பையில் வைத்திருந்தாயாம். "கண்ணில் ஏதாவது கோளாறா?" என்று மேலதிகாரி கேட்டபோது அதை எடுத்து நீட்டினாய். அவர் சிரித்துவிட்டு, உன்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டார்.

நீ போன அன்று பட்டப்பகல். பின்பக்கமாகத் தள்ளப்பட்டு வந்த வேகனைக் கண்டு சன்னப்பா கத்தினார். நீ அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாய். வேகனைப் பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி செல்வி சொன்னாள்: "வீட்டுக்குள்ளயும் கழட்ட மாட்டார் மாமா. வெளிச்சம் ஊசியாக் குத்துதும்பார். அண்ணன்கிட்ட சொன்னா பேப்பர்ல போட்டுருவார், வேலை போயிரும்னு பயம்."

என்னிடமா பயந்தாய், வேலு?

நேற்று இதழ் ஆசிரியர் அதே மாதிரி இன்னொரு வேடிக்கைக் கட்டுரை கேட்டார். வீட்டுக்கு வந்தால், உன் மகள் கமலி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, எனக்கும் சினிமாக் கண்ணாடி வேணும்."

"எதுக்கு கண்ணு?"

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பள்ளிக்கூடம் போறப்போ வெயில்ல ஒண்ணுமே தெரியல பெரியப்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, அழும்."

ஆசிரியர் கேட்ட கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். நாளைக் காலை கமலியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். செல்வியும் உடன் வருவாள்; இன்று மாலை அவளிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னாலும் குழந்தையின் கையை விடமாட்டேன்.

உன் அண்ணன்,
கமலியின் பெரியப்பா