ஒன்றும் பேசாத பக்கம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஆபீஸ் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே. கீழே நூல் கடையின் பேனர் பாதி கிழிந்து தொங்குகிறது.

பனியன் கம்பெனியின் ஆர்டர் பக்கம் இன்று லைவ். நான்கு மாத வேலை. அவர்களிடம் இருந்தது பழைய மென்பொருள், சாம்பல் நிறப் பெட்டிகள், எல்லாம் ஆங்கிலம். என்னுடையது பிரவுசரில் ஓடும், முழுக்கத் தமிழ், போனிலும் திறக்கும். வித்யா மேடம் (முதலாளியின் மருமகள், ஆபீஸ் முழுக்க அவர் பொறுப்பு) போனில், "ரொம்ப நீட்டா இருக்குதுங்க ஜெனிஃபா." எங்கள் ஆபீஸ் ஓனர் குமரேசன் சார் எங்கள் மூன்று பேருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

மாலை நாலு மணிக்கு அங்கிருந்து ஒரு போன். ஆர்டர் டெஸ்க் பழனிச்சாமி. பக்கம் வேலை செய்யவில்லை என்றார். ரெண்டு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கண்ணா என்றேன்.

"பண்ணிட்டனுங்க மேடம். ஒண்ணும் பேச மாட்டேங்குது."

பேச மாட்டேங்குதா? இணையம் மெதுவாக இருக்கும், நாளை நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வாங்க: சார்ஜர் வயர், அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். வண்டியில் போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்தாயிற்று.

ஆர்டர் டெஸ்க் முதல் மாடியில், மெஷின் சத்தம் குறைவாகக் கேட்கும் மூலை. பழனி அண்ணனுக்கு முப்பத்தைந்துக்குள் இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காதில் ஹெட்போன். மானிட்டர் அணைந்திருந்தது. இதுதான் பிரச்சினை போல என்று நினைத்து நானே கை நீட்டி ஆன் செய்யப் போனேன்.

"அதப் போட வேண்டாமுங்க. எனக்கு அதுல வேலையில்லீங்க."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், ஸ்கிரீன் ரீடர், அதை வைத்துத்தான் பதினோரு வருடமாக இங்கே ஆர்டர் எடுக்கிறார். நான்கு மாதத்தில் எட்டு மீட்டிங். ஒருவரும் சொல்லவில்லை. யார் யார் பயன்படுத்துவார்கள் என்று நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டேப் விசையைத் தட்டினார். குரல் சொன்னது: பட்டன். இன்னொரு தட்டு. பட்டன். பட்டன். பட்டன். பதினொன்று வரை எண்ணினேன். எந்தப் பட்டன் என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை. சைஸ் தேர்வு செய்யும் இடத்துக்கு விசை போகவே இல்லை.

"எது சேமிக்கிற பட்டன், எது அழிக்கிற பட்டன்னு தெரியாம எப்படீங்க அமுக்கறது?" கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வித்யா மேடம் வந்தார். பழைய மென்பொருள் இருக்கும் கணினி அடுத்த திங்கள் காலை பத்து மணிக்குள் எடுக்கப்படுகிறது, பராமரிக்க ஆள் இல்லை. "பழனிய பேக்கிங்ல ஸ்டிக்கர் ஒட்ற பக்கம் போட்டுக்கலாங்க. சம்பளம் அதேதான். நாங்க பார்த்துக்குவோம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழனி அண்ணன் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மேடம் போன பிறகு மெதுவாக: "சம்பளம் அதேதானுங்க. ஆனா சூரத்து பார்ட்டியும் கல்கத்தா பார்ட்டியும் என்ர பேரச் சொல்லித்தான் போன் பண்ணுவாங்க. ஸ்டிக்கர் ஒட்டுனா யாருங்க கூப்புடுவாங்க?"

திங்களுக்குள் சரி செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து நாள்.

ஜூலை 9, புதன்

குமரேசன் சாரிடம் சொன்னேன்.

"ஒரு ஆளுக்காகவா?"

"ஆமாங்க சார்."

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் வெப்சைட் குடுக்கோணும்."

"குடுத்துர்றேன் சார்."

பேனாவைத் திறந்து மூடினார். "ரெண்டையும் பாரு. எது லேட்டானாலும் முன்னாடியே எங்கிட்டச் சொல்லிப்போடு."

அதே ஸ்கிரீன் ரீடரை என் லேப்டாப்பில் போட்டேன், அவரிடம் இருப்பது போலத் தமிழ்க் குரலோடு. மவுஸைக் கழற்றி டிராயரில் வைத்தேன். திரை வெளிச்சத்தை முழுக்கக் குறைத்தேன். நானே கட்டிய பக்கத்தில் நானே பத்து டஜன் வெள்ளை பனியன் ஆர்டர் போட முயற்சி. நாற்பது நிமிடம். முடியவில்லை.

தப்புகள்:
- பட்டன்கள் எல்லாம் வெறும் படம். பெயர் இல்லை.
- சைஸ் பட்டியல் அழகாக இருக்கிறதென்று எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. மவுஸுக்கு மட்டும்தான் திறக்கும்.
- தப்பு வந்தால் கட்டம் சிவப்பாகும். அவ்வளவுதான். சிவப்பைக் காதில் எப்படிக் கேட்பது?
- "சேமிக்கப்பட்டது" மூலையில் மூன்று விநாடி வந்து மறைகிறது. குரல் அதைச் சொல்வதே இல்லை.
- காலண்டர். அதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை.

இன்னொன்று. புரோகிராம் எழுதும்போதே இதையெல்லாம் எச்சரிக்கும் கருவி ஒன்று எடிட்டரில் உண்டு. ஏன் எச்சரிக்கவில்லை? யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். எந்த வரியை யார் எழுதியது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'டில் பார்த்தேன். மார்ச் மாதம். என் பெயர். "மஞ்சள் கோடு தொல்லை, பிறகு பார்க்கலாம்" என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறேன்.

திரும்ப ஆன் செய்தேன். நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை.

ஜூலை 10, வியாழன்

வெயில், ஆனால் காற்று நிற்கவில்லை. துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில்.

எல்லாப் பட்டனுக்கும் தமிழில் பெயர் வைத்தேன். குரலைப் போட்டால் இன்னமும் "பட்டன், பட்டன்". தமிழ்ப் பெயரை வாசிக்காமல் தாண்டிப் போகிறது. இரண்டு மணி நேரம் வீண். ரீடரை அழித்து மறுபடி ஏற்றினேன். குரலை மாற்றினேன். கடைசியில் பக்கத்தின் முதல் வரியைப் பார்த்தேன். ஃபிரேம்வொர்க் என்ற ரெடிமேட் சட்டகத்தோடு தானாக வரும் வரி, நான் ஒருபோதும் தொடாதது. அதில் "இந்தப் பக்கத்தின் மொழி: ஆங்கிலம்" என்று இருக்கிறது. ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறது.

இரண்டு எழுத்து மாற்றினேன். பக்கம் பேசியது. "சேமி, பட்டன்." ஆபீஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டேன்.

மாலை நாலு மணிக்கு சோதனைப் பிரதியை எடுத்துக்கொண்டு பழனி அண்ணனிடம். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். இரண்டு நிமிடம் கேட்டார். ஹெட்போனை இறக்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இவ்வளவு பேசுனா எப்படீங்க?"

நான் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தேன். "இந்த ஆர்டரைச் சேமிக்க இங்கே அழுத்தவும்."

"ஒரு காதுல பார்ட்டி பேசறாரு. ஒரு காதுல இது பேசுது. எனக்கு 'சேமி' போதுமுங்க. எதுக்கு அழுத்தறதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லக் குறித்தது: கலர் ஒருபுறம், சைஸ் ஒருபுறம், எந்தக் கட்டத்தில் நின்றாலும் "வெள்ளை, தொண்ணூறு" என்று இரண்டே சொல். எண்ணைப் போட்டு என்டர் தட்டினால் அடுத்த சைஸ். மொத்தம் எத்தனை டஜன் என்று ஒரே தட்டில். காலண்டர் வேண்டாம்.

"தேதிய நானே டைப் பண்ணிக்கறனுங்க. பதினாலுன்னு அடிக்கறதுக்கு எதுக்குங்க மாசம் பூராச் சுத்திட்டு வரணும்?"

ஜூலை 11, வெள்ளி

ஸ்கூல் வெப்சைட் கொடுத்தாயிற்று. மதியம் ஒரு மணிக்கு. சார் டீ தன் கையால் கொண்டுவந்து வைத்தார்.

காலண்டரைத் தூக்கி எறிந்தேன். பிரவுசரிலேயே இருக்கும் சாதாரணப் பெட்டி போதும். சைஸ் பட்டியலும் அப்படியே. அழகுக்காக வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த மூன்று மென்பொருள் தொகுப்புகள் போயின. பக்கம் முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறது.

எனக்கு: முதலில் பிரவுசரில் என்ன இருக்கிறது என்று பார். பிறகு வெளியே தேடு.

ஆறு மணிக்கு வீட்டில் கண்ணை மூடி விசை தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா பனியன் செக்கிங் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடி, "ஏட்டி, தலவலியா?"

விஷயத்தைச் சொன்னேன். தூத்துக்குடியில் இருந்து வந்து பதினெட்டு வருடம் பனியன் பீஸில் ஓட்டை தேடிப் பார்த்த கண் அவளுக்கு. பையைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கும் இப்ப ஓட்டை சரியாத் தெரிய மாட்டேங்கு. தடவித்தான் பாக்கேன். சூப்பர்வைசர்ட்ட சொல்லல."

இதை இன்றுதான் சொல்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கண் டாக்டருக்கு டோக்கன் போட்டாயிற்று. வேண்டாம் என்றாள். போட்டாயிற்று.

ஜூலை 12, சனி

காலை முழுக்கப் பழனி அண்ணனோடு. வெள்ளகோவிலில் இருந்து தினமும் பஸ். ஏழரைக்கே வந்துவிடுவாராம். இன்று "மேடம்" போய் "அம்மிணி" ஆகிவிட்டேன்.

இருபது ஆர்டர் பொய்யாகப் போட்டுப் பார்த்தார். குரல் அவ்வளவு வேகம், எனக்கு வெறும் கொறகொறப்பு. பதினாறாவதில் நின்றார்.

"அம்மிணி, இது ரெண்டு ஆர்டரா விழுந்திருக்குமுங்க."

பார்த்தேன். இரண்டு. என்டரை வேகமாக இரண்டு தரம் தட்டினால் ஒரே ஆர்டர் இருமுறை சேமிக்கிறது. மவுஸில் மெதுவாக அழுத்திப் பார்த்த எங்களுக்கு நான்கு மாதத்தில் சிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து சரி செய்தேன்.

மதியம் ஆபீஸில் குமரேசன் சார் தானாகவே வந்து, "அந்த ஸ்கிரீன அணைச்சு எங்கிட்டக் குடு பார்க்கலாம்." ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தட்டினார். "ஏம்மா, இப்ப நான் எங்க நிக்கறேன்?" லாரி டிரான்ஸ்போர்ட் பெயர் போடும் பெட்டியில் நிற்கிறீர்கள் சார் என்றேன். ஹெட்போனை வைத்துவிட்டு, இனி எந்த வேலை எடுத்தாலும் முதல் மீட்டிங்கிலேயே யார் யார் பயன்படுத்துவார்கள் என்று கேட்டு எழுதிவிடு என்றார்.

அம்மாவுக்குப் புரை இல்லை. கண்ணாடி போதும். வெளியே வந்ததும் எதிர்க்கடை போர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள், டாக்டர் இன்னும் கண்ணாடியே கொடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோவில் முடிந்து நேராக ஆபீஸ். பாஸ்டர் பிரசங்கம் நினைவில் இல்லை. மனசு எல்லாம் திங்கள் பத்து மணியில்.

போனில் திறந்து பார்த்தால் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று. நல்லவேளை, இந்த வாரம் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சேமித்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்ததில் இருபது நிமிடத்தில் எது கெடுத்தது என்று சிக்கியது. என்டர் விசைக்காக மாற்றிய இடம். மொத்தமாக ஒரே மூட்டையாக வைத்திருந்தால் இன்றைக்கு அழுதிருப்பேன்.

மூன்று மணிக்கு லைவில் ஏற்றினேன். சாப்பிடவில்லை என்பது நாலரைக்குத்தான் ஞாபகம் வந்தது. முட்டைப் பரோட்டா.

ஜூலை 14, திங்கள்

ஒன்பதே முக்காலுக்கு அங்கே. பழைய கணினியை ஒருவர் வயரோடு சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். இனி திரும்ப வழியில்லை.

பழனி அண்ணன் உட்கார்ந்து இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். "நீங்க பார்க்கணும்னா ஸ்கிரீனப் போட்டுக்கங்க அம்மிணி." போட்டேன். வித்யா மேடம் பின்னால் நின்றார்.

பத்து பத்துக்குப் போன். சூரத். "ஹாங் பையா, போலியே." சொல்லுங்கண்ணா என்று இந்தியில் பேசப் பேச விரல் போகிறது. வெள்ளை எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. எண், என்டர், எண், என்டர். நடுவில் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, சிரித்தார். விரல் நிற்கவில்லை. பார்ட்டி மனம் மாறி ஒன்றைக் குறைத்தார். திரும்பிப் போய் மாற்றினார். ஒரே தட்டில் மொத்தம் கேட்டார், அதைப் பார்ட்டிக்குச் சொன்னார். சேமி.

விரல்கள் நின்றன.

திரையில் ஒரு கட்டம் சிவப்பு. எனக்குக் கை நீட்டத் தோன்றியது. மேடம் என்னைப் பார்த்தார். பின்னால் கட்டிய கையை நான் எடுக்கவில்லை.

பழனி அண்ணன் போனைத் தோளில் சாய்த்து, "டிரான்ஸ்போர்ட் பேரு போடலைங்களாமா. அதுவே சொல்லி அங்கேயே கொண்டுபோய் விட்டிருச்சு." பெயரைக் கேட்டார், அடித்தார், சேமித்தார். ஆர்டர் எண்ணைப் பார்ட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு நாற்காலியைப் பின்பக்கம் திருப்பாமலே: "மேடம், பேக்கிங்குக்கு வேற ஆரையாச்சும் பாத்துக்கங்க."

வித்யா மேடம், "சரிங்க பழனி" என்றார். போகும்போது என்னிடம், முதல் மீட்டிங்கிலேயே சொல்லியிருக்க வேண்டும், எங்களுக்கே தோணலீங்க என்றார். எனக்கும்தான் தோன்றவில்லை என்றேன்.

வண்டியை எடுத்த பிறகு எங்கே போகிறேன் என்று தெரியாமல் பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டை வரை போய்த் திரும்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேகம், மழை இல்லை. தலை பாரம். புது வேலை ஒன்று வருகிறதாம், அச்சகம்.

பழனி அண்ணனிடமிருந்து காலையிலிருந்து நான்கு போன். நான்கும் குறை.
1. "ரத்து" பட்டன் "சேமி"க்குப் பக்கத்திலேயே. தள்ளி வை.
2. தேதியை "ஏழாம் மாதம்" என்று சொல்கிறது. ஜூலை என்று சொல்லட்டும்.
3. காலையில் திறந்ததும் போன ஆர்டரை முதலில் சொல்ல வேண்டும்.
4. "கலர் லிஸ்ட்ல நேவி புளூ ரெண்டு தடவச் சொல்லுதுங்க அம்மிணி."

நாலாவது இருக்காது என்றேன். ரீடர் கோளாறாக இருக்கும். பார்த்துவிட்டுப் போனை வைங்க என்றார். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே விரல் வைத்து வந்தேன். ஆறாவதில் ஒன்று. பத்தொன்பதாவதில் ஒன்று. ஏப்ரலிலிருந்து இருக்கிறது.