ஆறாவது பாட்டில் நீ விட்ட இடம்

உன் டிரம்ஸ் பையைத் திறந்தேன். சின்ன வெங்காயத் தோல் உதிர்ந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் திண்டுக்கல்லுக்கு ஒத்திகைக்கு வந்தவன் நீ. நீ போய் எட்டு மாதமாகியும் அந்த வாடை போகவில்லை. காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானத்துக்குள் சாக்ஸபோன் சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஜாஸ் ஃப்யூஷன் குழுவின் இசைப்பதிவு வெளியாகப் போகிறது. எந்தப் பாட்டு யாருடைய இசை என்று பெயர் கேட்கிறார்கள். ஆறாவது பாட்டுக்குச் சார் என் பெயரைப் போட்டு, "சரிதானே அப்பு?" என்று செல்போனில் அனுப்பியிருக்கிறார்.

பெயரே கூடாதென்று சட்டம் போட்டவன் நீ. புதுப் பாட்டைத் தாளில் பெயரில்லாமல் கொண்டுவர வேண்டும். வாசித்து முடித்த பிறகுதான் யாருடையது என்ற பேச்சு. "ஆளப் பாத்தாக் காது அடைச்சுக்குமுடா" என்பாய். ஆனால் நாலு வரி போவதற்குள் நீயே கண்டுபிடித்துவிடுவாய். சாக்ஸபோன் சாரின் மெட்டு நின்று மூச்சு வாங்கி நடக்கும். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தியவர் அல்லவா! "சார் பாட்டுக்குள்ள மண்டி போட்டு எந்திரிக்கலாம்" என்பாய். என் பாட்டு வந்தால் சிரிப்பாய். கீபோர்டில் பத்து விரலுக்கும் வேலை கொடுக்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. "ஏண்டா, இத்தன படி ஏத்தறயே, ஊடு எங்கடா இருக்குது?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்தால் நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

நீ போட்டது ஒரே ஒரு பாட்டு, இந்த ஆறாவது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தட்டிக்கொண்டே முனகினாய். எழுதத் தெரியாத உனக்காக நான் சுரக்குறிப்பு எழுதினேன். ஏழு அடித் தாளம். ஏழாவதில் எல்லாரும் சும்மா இருக்க வேண்டும் என்றாய். "அந்த எடத்துல கைய வச்சுப்புடாதடா சாமி."

வாசித்து முடித்ததும், என் கையெழுத்தைப் பார்த்த சார் என் முதுகில் தட்டினார். "ஏலே, இம்புட்டு நாள்ல இதான்டா உன் பாட்டு!" நான் சிரித்துவைத்தேன். நீ டிரம்ஸிலிருந்து சிம்பல் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். திட்டித் தொலைத்திருக்கலாமே, பாவி!

உன் டிரம்ஸைப் பதிந்த மறுவாரம் நீ காய்ச்சலில் படுத்தாய். அதன் பிறகுதான் என் கீபோர்டைப் பதிந்தோம். ஏழாவது அடியில் மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு வைத்தேன். வைத்ததும் பாட்டு என்னுடையது போலவே கேட்டது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரவே இல்லை.

சாருக்குப் போன் போட்டேன். "சார், ஆறாவது அவனுது."

"டிரம்மு அடிக்கிறவனா டியூன் போட்டான்?"

"ஆமா சார். எழுதுனது மட்டுந்தான் நான்."

"அதான பாத்தேன், உன் படி ஒன்னையும் காணோமேன்னு. அப்ப அந்த ஏழாவது அடியில வர்ற கார்டு?"

"அது நான் வச்சது சார்."

"எடுத்துரவா?"

"எடுத்துருங்க சார்."

மாலையில் திருத்திய பதிவு வந்தது. உன் பெயர் இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் ஏழாவது அடி வரும்போது என் கை பரபரவென்று எழுகிறது. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அது உன் இடம்டா.