ஆற்றுப் பக்கம் இருந்த கார்

கொடியும் கையுமாக ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பெற்ற பிள்ளை பேசுவதை உட்கார்ந்து கேட்க நேரமில்லாமலே போய்ச்சேர்ந்த என் அன்பு அப்பாவுக்கு,

வீரையன் எழுதுகிறேன். இந்தத் தடவை நீங்கள் பாதியில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போக முடியாது. அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, குறுவை தேறிவிட்டது. நம் தெருவில் வீட்டுக்கு ஒரு படித்த பிள்ளை இருக்கிறது. பாதிப் பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். பெரிய பண்ணையின் வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் நின்று பேசுவீர்களே, அந்தக் களத்துமேட்டில் விவசாயத் தொழிலாளர் சங்கம் சொந்தக் கட்டடம் கட்டியிருக்கிறது. அதற்கு உங்கள் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு மலர் ஒன்று போடுகிறார்கள். இப்போதைய செயலாளர் மாரிமுத்து என் பட்டறைக்கே வந்து, கிரீஸ் படிந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். "அண்ணே, அந்த ரேஸ் கதைய நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துருங்க. மலருக்கு அதான் உசுரு."

எந்தக் கதை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஏறிய மேடையில் எல்லாம் சொன்னதுதான். அறுவடைப் போராட்டம் நடந்த வாரத்தில், பண்ணையின் ரேஸ் காரை ஓட்டப் போன சங்கத் தலைவரின் மகன், சென்னையில் அத்தனை பேர் பார்க்க வேண்டுமென்றே தோற்று, பண்ணையின் மூக்கை அறுத்துவிட்டு வந்தான். ஜனங்கள் கை தட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா, அந்தக் கதை உண்மையில்லை.

நான் ஸ்டீயரிங் பிடித்ததே உங்களுக்குப் பிடிக்காத வழியில்தான். பண்ணை டிராக்டர் வாங்கியபோது, ஊர் ஜனத்தின் வேலையைத் தின்ன வந்த சனியன் என்று நீங்கள் மறியல் செய்தீர்கள். மறியல் முடிந்த மறு வாரம் அதில் ஏறி உட்கார்ந்தவன் நான். ஒரு போகம் முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட அம்மாவை விட்டுத்தான் கேட்டீர்கள். நான் என்ன செய்ய? இன்ஜின் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். அது கட்சி பார்த்து வருகிற ஆசை இல்லை.

பண்ணையின் மகன், நாங்கள் எல்லாம் சின்னய்யா என்று கூப்பிட்டவர், சென்னைக்குப் படிக்கப் போய்க் கார் ரேஸ் பைத்தியத்தோடு திரும்பினார். ஒரு பழைய காரின் கூரையை அறுத்தெறிந்துவிட்டு, நெல் மில் கொட்டகையில் வைத்து நாங்கள் இரண்டு பேருமாக அதை ரேஸ் கார் ஆக்கினோம். ஓட்டிப் பார்த்ததில் அவரைவிட நான் வேகம். அவருக்கு அது வருத்தம்தான். ஆனாலும் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி பெரிதாக இருந்ததால் என்னையே ஓட்டச் சொன்னார்.

சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டு வைத்த பழைய ஓடுதளத்தில்தான் ரேஸ். முதல் வருஷம், வெறுங்காலோடு வந்தவனை ஓட்ட விடமாட்டோம் என்றார்கள். யாரிடமோ ஷூ இரவல் வாங்கி, முன்னால் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டேன். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று காலுக்குப் பிடிபடவில்லை. முதல் வளைவிலேயே கார் பம்பரமாகச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டில் போய் ஏறி நின்றது. இரண்டாம் வருஷம், சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் பெரிய மனுஷர்களோடு சரிசமமாக ஓட்டலாமா என்று ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். ஓட்டலாமா கூடாதா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் ரேஸே முடிந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் அப்படியில்லை. ஷூ என் சொந்த ஷூ, புகார் எழுதியவர் ஓய்ந்துபோயிருந்தார், காரும் சொன்னபடி கேட்டது. ஊரில்தான் எதுவும் சரியில்லை. ஆட்சி மாறியிருந்த காலம். நில உச்சவரம்பு என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். பண்ணை தன் வீட்டு நாய் பேரில்கூட நிலம் எழுதிவிட்டது என்று நீங்கள் மேடையில் கேலி செய்வீர்கள். தை மாதம், சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலியை உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று சங்கம் உட்கார்ந்துவிட்டது. பண்ணை லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியது. பின்னாலேயே போலீஸ் வந்தது. ரேஸும் அதே வாரத்தில் வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவனை வாசலில் மறித்தீர்கள். "ஊரே பட்டினியா கெடக்கு. நீ பண்ணைக்குக் கார் ஓட்டப் போறியா?"

"இது வேல இல்லப்பா. ரேஸு."

"எவன் வண்டிடா அது?"

மன்னார்குடி பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

கடைசிச் சுற்றில் எங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நானும், எனக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு நீலக் காரும். அதை ஓட்டியவர் கோயமுத்தூர்ப் பக்கத்து மில் முதலாளியின் மகன். கடைசி வளைவில் இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பினோம். நான் உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். நான் அப்படியே அழுத்தியிருந்தால் அவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ரேஸில் எல்லாரும் செய்வதுதான், சட்டப்படி தப்பும் இல்லை. அப்போது அவருடைய சக்கரம் தாரைவிட்டுப் புல்லில் இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்தப் புல்லுக்கு அப்பால் பெரிய பள்ளம். என் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. யோசித்து எடுக்கவில்லை, அதுவாகத்தான் எழுந்தது. அவர் சமாளித்துக்கொண்டு முன்னால் போய் ஜெயித்தார்.

கால் ஏன் எழுந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆற்றுக்கரைதான் பாதை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். இரண்டு வண்டி நெருங்கினால், வயல் பக்கம் இருக்கிறவன்தான் நிறுத்தி வழிவிட வேண்டும். அவன் சரிந்தால் சேற்றில் விழுவான். ஆற்றுப் பக்கம் இருக்கிறவன் சரிந்தால் மாட்டோடு போய்விடுவான். அங்கே இருப்பது வேண்டியவனா வேண்டாதவனா என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. நீங்கள் நெல் வண்டி ஓட்டிய நாளில், பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்த பண்ணைக் காரியக்காரரின் வண்டிக்குக்கூட அப்படி நிறுத்தினீர்கள். நான் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

காரைவிட்டு இறங்கியதும் சின்னய்யா சட்டையைப் பிடித்தார். "ஏன்டா கால எடுத்த?"

"அவரு ஆத்துப் பக்கம் இருந்தாரு சின்னய்யா."

பக்கத்தில் நின்ற நடுவர் ஒருவர் அந்தப் பொட்டல் வெளியைச் சுற்றும்முற்றும் பார்த்தார். "இங்க ஏதுய்யா ஆறு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னய்யா சிரிக்கவில்லை. சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனவர், ஊருக்கு வந்தாலும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்துபோனவர். கரையில் யார் யாருக்கு ஒதுங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஊரில் அறுப்பு நின்றிருப்பது மட்டும் தெரியும். "ஒங்கப்பன் சொல்லித்தானே செஞ்ச?" என்றார். இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் நம்பாமல், நான் வேண்டுமென்றே தோற்றதாக ரேஸ் நடத்தியவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வருஷம் தடை விழுந்தது.

ஊரில் வசவு காத்திருக்கும் என்று நினைத்து வந்தால், பஸ் ஸ்டாப்பில் மாலை காத்திருந்தது. காரியக்காரர் வாயாலேயே சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "பண்ணைய மண்ணக் கவ்வ வச்சிட்டான்யா எம்மவன்!" என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினீர்கள். என் தோளில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் என் தோளில் கை போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. வாயைத் திறந்தால் அந்தக் கை விலகிவிடும் என்று பயந்தேன், திறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

பண்ணையும் சங்கமும் அதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. நான் வேண்டுமென்றே தோற்றேன் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். உண்மையோ இரண்டு பேருக்கும் ஆகாதது. ஒரு மில் முதலாளி வீட்டுப் பிள்ளை பள்ளத்தில் விழாமல் இருக்க நான் தோற்றேன் என்று சங்கக் கூட்டத்தில் எப்படிச் சொல்ல முடியும்?

தடை முடிந்தபிறகு கார் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றேன். பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். "ஒன்ன நல்லாத் தெரியும் தம்பி. என் தோப்புலயும் ஆளுங்க கூலி கேட்டு நிக்கிறாங்க. நீ எந்த வளைவுல கால எடுப்பேன்னு நான் எப்படிக் கண்டேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. அதோடு ரேஸ் முடிந்தது. லாரி ஓட்டினேன், பிறகு பட்டறை வைத்தேன்.

தோப்புக்காரர் சொன்னதை உங்களிடம் வந்து சொன்னேன். "போனாப் போவுது, விடுடா. ஒரு தடவ தோத்துக் காட்டுனியே, அது போதும்" என்றீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கொல்லைப் பக்கம் போய், பம்ப் செட்டைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைப் பார்த்தீர்கள். "வீரா, அந்த ரேஸ்ல நெசமா ஓட்டியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியா?"

"ஜெயிச்சிருப்பேன்ப்பா."

ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பிறகு தண்ணீர் கேட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா அப்பா? எப்போதிலிருந்து? தெரிந்துகொண்டே மேடையில் சொன்னீர்களா, இல்லை அன்றைக்குத்தான் சந்தேகம் வந்ததா? நான் நிஜமாகத்தான் ஓட்டினேன் என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்க மனசு வரவில்லை.

போன வாரம் மாரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணே, இத இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது? அப்பா பேருல கட்டடம் தொறக்கிற அன்னிக்கு, அப்பா பொய் சொன்னாருன்னுல ஆயிடும்?"

"அவரு பொய் சொல்லல மாரிமுத்து. நான்தான் வாயத் தொறக்கல."

"ஊரு அப்படிப் பாக்காதுண்ணே."

அவர் சொன்னது இரண்டு நாள் என்னை விடவில்லை. உங்கள் பெயருக்கு என் கையால் ஒரு கீறல் விழுமா? அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். அந்தத் தையில் கூலி உயர்ந்தது நீங்கள் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், ஒருவரையும் அரிவாள் எடுக்க விடாமல் நின்றதால். பிறகு பண்ணை நிலத்தில் நம் ஜனத்துக்குப் பட்டா வந்தது நீங்கள் தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்ததால். இதில் என் கார் எங்கே வந்தது? இவ்வளவு செய்த மனுஷனைத் தூக்கி நிறுத்த, நான் செய்யாத ஒன்று எதற்கு? இன்னொன்றும் தோன்றியது. எதிராளியாக இருந்தாலும் ஆற்றில் தள்ளாதவர் நீங்கள். அந்த வளைவில் என் காலை எடுக்கவைத்தது அந்தப் பழக்கம்தான். நீங்கள் நியாயமாகப் பெருமைப்பட்டிருக்கக்கூடிய அந்த ஒன்றைத்தான் இத்தனை வருஷம் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

மாரிமுத்து நல்ல பிள்ளை. கடைசியில், "எழுதுங்கண்ணே, கமிட்டில வச்சுக் கேக்குறேன்" என்றார். இது மலரில் அச்சாகியிருந்தால், கமிட்டி பெரிய மனசு பண்ணியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நம்மூர் ஜனங்கள் என்னை ரெண்டு வார்த்தை திட்டிக்கொள்ளட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. திறப்பு விழா அன்று மேடை ஏறி, உங்கள் போராட்டத்தை ஒன்றுவிடாமல் சொல்வேன். அதோடு, அந்த ரேஸில் நான் வேண்டுமென்றே தோற்கவில்லை என்றும் சொல்வேன். கை தட்டல் நின்றுபோகும், எனக்குத் தெரியும். நின்றாலும், தலையைக் குனியாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

ஜெயிக்கத்தான் போன உங்கள் மகன்,
வீரையன்